கடலுக்குப் போன நானூறு வாழை

சொர்ணம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "கொஞ்சமா? எனக்க வாய அளக்கணும்னா சர்வேயரு சங்கிலியோட வரணும்" என்பாள். குவைத்தில் கம்பி கட்டும் வேலையில் இருக்கும் அவள் புருஷன் முத்துநாயகம் ஞாயிற்றுக்கிழமைதோறும், இவள் தங்கள் கோயிலான தாங்கலுக்குப் போய் ஐயாவைக் கும்பிட்டுத் திரும்பும் நேரம் பார்த்துப் போன் பண்ணுவார். சாப்பிட்டியா, பிள்ளைகள் படிக்குதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கும் முன்பு, "அந்த நாக்க மட்டும் கொஞ்சம் அடக்கி வையி" என்பார். "நாக்க அடக்கினா இங்க ஒரு காரியமும் நடக்காது" என்பாள் இவள். இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று அந்த வருஷம் தெரிந்துபோயிற்று.

ரப்பர் விலை கொடிகட்டிப் பறந்த இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற மினிபஸ் மூச்சிரைத்து நிற்கும் கடைசி நிறுத்தம் கூட்டமாவுவிளை. விளை என்றால் அந்தப் பக்கத்தில் மேட்டுத் தோட்டம். சொர்ணம்மாள் வாழை வைத்திருந்த விளை மரியஜான் முதலாளிக்குச் சொந்தம். மார்த்தாண்டம் சந்தைக்கு எதிரே கம்பியும் சிமென்டும் விற்கிறவர் அவர். மண்வெட்டியைக் கடையில் தொங்கவிட்டிருப்பாரே ஒழிய கையில் பிடித்துப் பழக்கமில்லை. விளையைச் சொர்ணம்மாளுக்குப் பாட்டத்துக்குக் கொடுத்திருந்தார். வாய்ப்பேச்சுதான். நீ நடு, குலை வெட்டினதும் என் பங்கைக் கொடு, அவ்வளவே. எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. பல வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விளையில் நானூறு மூடு ஏத்தன் வாழை நின்றது. மூடு என்றால் அடிமரம். ஆளைத் தலையால் எண்ணுவது போல வாழையை அங்கே மூட்டால் எண்ணுவார்கள். ஓணத்துக்குக் குலை வெட்டிக் கேரளத்து லாரிக்கு ஏற்றிவிடுவாள். அந்த வரும்படியில்தான் மறுபடி கன்று, உரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம்.

ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழை வாங்கித் தின்று கொழுத்த மாவட்டம் அது. ஆனால் கொஞ்ச காலமாக மழைக்கும் காற்றுக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது. இதை விளக்கிச் சொல்ல அரசாங்கமே ஒரு முகாம் நடத்தியது. கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். பருவம் மாறும், எதிர்பாராத நேரத்தில் காற்று அடிக்கும், அப்போதெல்லாம் அரசு விவசாயிக்குத் துணை நிற்கும் என்று ஒரு அதிகாரி பேசினார். சாயாவும் பருப்புவடையும் உண்டு. சொர்ணம்மாள் வடையைத் தின்று முடித்துவிட்டு எழுந்தாள்.

"சாரே, காத்து எதிர்பாராத நேரத்துல வரும்னு சொன்னிய. சரி. அரசு எப்பம் வரும்?"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டு, "உடனே வரும்மா" என்றார்.

காற்றுதான் முதலில் வந்தது. சித்திரைக் கடைசியில், குலை தள்ளி வாழையெல்லாம் தலை கனத்து நின்ற சமயம், ஒரு சாயங்காலம் மேற்கேயிருந்து வந்து விளைக்குள் புகுந்து புறப்பட்டுப் போனது. பின்னாலேயே பேய்மழை. குழித்துறை ஆறு கரைமுட்டி ஓடியது. விடிந்து போய்ப் பார்த்தால் நானூறும் பிஞ்சுக் குலையோடு மண்ணில் கிடந்தன. சொர்ணம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். வாய் நீளமானவர்களுக்கும் அழுகை வரத்தான் செய்யும். அவளுக்கு அன்று ரொம்ப நேரம் வந்தது.

அந்த அழுகை ஓய்வதற்குள் மரியஜான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"சொர்ணம், வாழ போரும் பிள்ளே. ரப்பரு வெலையப் பாத்தியா? மொத மழைக்குக் குழி எடுத்து ரப்பரு வச்சிரலாம்னு பாக்கேன்."

"மொதலாளி, நான் திருப்பி நடுதேன். எனக்குள்ளது இந்த வெளை மட்டுந்தான்."

மரியஜான் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாத ரகம். அப்படிப்பட்டவர்கள் கெடு வைப்பார்கள். "சரி, ஆனி பெறக்கதுக்குள்ள வாழ நட்டுட்டியானா வெளைய நீயே வச்சுக்க. இல்லன்னா ரப்பரு. பெறவு எனக்க மேல வருத்தப்படப்பிடாது."

நடுவதென்றால் விழுந்ததை வெட்டி அகற்ற வேண்டும். இங்கேதான் அரசாங்கம் குறுக்கே வந்தது. சாய்ந்த வாழையை யாரும் தொடக் கூடாது, அதிகாரிகள் நேரில் பார்க்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும், தொட்டால் நிவாரணம் இல்லை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். நிவாரணம் வராமல் கன்றுக்கும் உரத்துக்கும் வழியில்லை. தொட்டால் நிவாரணம் போகும், தொடாவிட்டால் விளை போகும். இதற்கு நடுவில் சொர்ணம்மாள் மாட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாளே ரேஷன் கடை முன்னால் மேஜை போட்டார்கள். முதலில் அவரவர் வாயால் சேதத்தைச் சொல்ல வேண்டும், அதன்படி பட்டியல் வரும், பட்டியலில் உள்ளவர்களின் தோட்டத்தை அப்புறம் வந்து பார்ப்பார்கள். காற்று கடற்கரையையும் விட்டுவைக்கவில்லை என்பதால் கடலுக்கும் கரைக்கும் சேர்த்து ஒரே கணக்கெடுப்பு. ஆள் போதாமல் வெளி மாவட்டங்களிலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் ராமநாதபுரத்துக்காரர், பெயர் செல்வபாண்டி, சின்ன வயது. ஜனங்கள் சொன்னதைச் சுருக்கி எழுதியதற்காகப் பழைய இடத்தில் மெமோ வாங்கியவர். அதனால் இப்போதெல்லாம் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார். தும்மினால் தும்மலையும் எழுதிவிடுவார் போலிருந்தது.

அவர் ஊரில் ழகரத்துக்குச் சோலி கிடையாது. மழை அங்கே மள, பழம் பளம், வாழை வாள. கூட்டமாவுவிளைக்காரர்களுக்கோ ழகரம் பரம்பரைச் சொத்து. ஒரு பிள்ளை ழகரத்தைக் கொன்றால் பெற்றவள் அங்கேயே தலையில் குட்டுவாள். போதாதற்கு வாளை என்பது அவர்களுக்கு ஒரு மீன். நீளமாக, தட்டையாக, வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னும். இனயத்திலிருந்து கூடை சுமந்து வரும் பெண்கள் வாரம் தவறாமல் அதை வாசலில் கொண்டுவந்து விற்பார்கள்.

சொர்ணம்மாளின் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா. வாள எம்புட்டு போச்சு?"

"என்னது சாரே?"

"வாளம்மா, வாள. உங்க வாளையெல்லாம் எங்க கெடக்கு, எம்புட்டு கெடக்குன்னு சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் நாக்கு அரித்தது. ஆனால் சொறிந்துவிட்டவள் சொர்ணம்மாள்தான்.

"வாளையா? எனக்க வாளை எல்லாம் இனயத்துக் கடல்லயாக்கும் கெடக்கு சாரே. நானூறு உண்டும். ஒரு வள்ளம் பிடிச்சுப் போய் எண்ணிக்கிடுங்க."

"கடல்லயா?"

"பின்ன? கடல்ல இல்லாம வாளை கரையிலயா கெடக்கும்?"

ரேஷன் கடைக்காரர் எடைத்தட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார். செல்வபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. குழித்துறை ஆறு பொங்கியதை வரும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தார். அந்த ஆறு இனயத்துக்குப் பக்கத்தில்தான் கடலில் விழுகிறது என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். நானூறு வாழையும் வெள்ளத்தில் மிதந்து போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "ரொம்பக் கஷ்டம்மா" என்று தழுதழுத்துச் சொன்னார். 'வாளை நானூறு, முழுவதும் இனயம் கடலில்' என்று எழுதிக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு ஒரு நிமிஷம் நின்றது. விஷயம் விளங்கிக்கொண்டுதான் தலையாட்டுகிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று நினைத்தாள். பின்னாலிருந்து ஒருத்தி "மாறு பிள்ளே" என்று தள்ளினாள். இவளும் நகர்ந்துவிட்டாள். அன்று முழுக்க ஊரில் அவள் சொன்னதுதான் பேச்சு. அவளே மூன்று வீடுகளில் நடித்துக் காட்டினாள்.

பட்டியல் வந்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை மேலிருந்து கீழேயும் கீழேயிருந்து மேலேயும் படித்தாள். தெருவில் பத்து மூடு வாழை வைத்திருந்தவன் பேர்கூட இருந்தது. அவள் பேர் இல்லை. ஒருவேளை அடுத்த தாள் பறந்துபோயிருக்கும் என்று சுவருக்குக் கீழே குனிந்துகூடத் தேடினாள்.

அப்போதுதான் போன் வந்தது.

"சொர்ணம்மாளா? மீன் ஆபீஸ்ல இருந்தாக்கும். ஒங்களுக்குக் குளிர்பெட்டி வந்திருக்கு. வந்து வாங்கிட்டுப் போங்க."

"என்ன பெட்டி?"

"மீன் கெட்டுப்போவாம வைக்குத பெட்டி."

"எனக்க வீட்டுல மீன் கெட்டுப்போவாது. கெடுததுக்கு முன்ன எனக்க பிள்ளைக தின்னுரும்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் ரேஷன் கடை மேஜை ஞாபகம் வந்தது. இனயத்துக் கடல். வாளை. நானூறு. ஐயோ ஐயா என்று மறுநாளே புறப்பட்டுப் போனாள்.

மீன் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் ததேயுஸ். எதற்கும் பதறாத மனிதர். இவள் அழாத குறையாகக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையை இவள் பக்கமாகத் திருப்பினார்.

"பாருங்க. வாளை, நானூறு, இனயம் கடல். எங்க ஆளுக என்ன நெனச்சாவன்னா, நீங்க ஏலத்துல எடுத்த நானூறு கிலோ வாளையும் காத்துல வள்ளத்தோட கவுந்துட்டுன்னு. மீன் விக்குத பொம்பிளையளுக்கு அரசு ஒதவி உண்டு. அதான் பெட்டி."

"வாழை சாரே! வாழை!"

"நீங்க பறஞ்சா எனக்கு வெளங்குது. கம்ப்யூட்டருக்கு வெளங்கணுமே."

"அப்பம் எனக்க பேர இதுல இருந்து எடுத்து வாழைல போடுங்க."

"போடுதது விவசாய ஆபீஸ். எடுக்கதுதான் நாங்க. ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்கப்பிடாது. எடுக்கதுக்கு இதுல மூணு வழியாக்கும் உண்டு." ததேயுஸ் விரலால் தொட்டுக் காட்டினார். "ஒண்ணு, மரணம்."

"அது பெறவு பாக்கலாம்."

"ரெண்டாமத்தது, வெளிநாடு போயிட்டா."

"ஏற்கெனவே வீட்டுல ஒருத்தரு அங்க கெடக்காரு."

"அப்பம் மூணாமத்தது. தொழிலை விட்டுட்டதா எழுதிக் குடுக்கணும்."

"நான் மீனே வித்ததில்லையே சாரே. விக்காத தொழில எப்பிடி விட?"

"அதையேதான் நானும் யோசிக்கேன்" என்றார் ததேயுஸ். உண்மையாகவே யோசித்தார். "மீன் விக்குத பொம்பிளையளுக்கு ஒரு சங்கம் உண்டு. இவ மீன் வித்துட்டு இருந்தா, இப்பம் விட்டுட்டான்னு சங்கத் தலைவி கையெழுத்து போட்டா எடுத்துரலாம். ஒங்க பக்கத்துக்குத் தலைவி ஞானசெல்வி."

சொர்ணம்மாளுக்கு உயிர் வந்தது. ஞானசெல்வி வேறு யாருமில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இனயத்திலிருந்து கூடையோடு இவள் வாசலுக்கு வருகிறவள்தான். கடனுக்கு மீன் கொடுப்பாள், சாயா குடிப்பாள், இருவரும் சேர்ந்து ஊரை ஒரு ரவுண்டு வம்பளந்துவிட்டுத்தான் பிரிவார்கள்.

ஞானசெல்வி மறுநாள் காலையில் வந்தாள். ஆனால் வழக்கம்போலத் தெருமுனையிலேயே "மீனே" என்று கூவவில்லை. நேரே முற்றத்துக்கு வந்து கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"ஏட்டி, ஒனக்கு என்னத்துக்குட்டி வாளை?"

"எக்கா, அது..."

"எங்க சங்கத்துக்கு வந்த பெட்டி கொஞ்சம். தலைவியாச்சேன்னு எல்லாவளுக்கும் குடுத்துட்டுக் கடைசி ஒண்ண எனக்குன்னு வச்சிருந்தேன். பாத்தா, அதுல ஒனக்க பேரு. இப்பம் அடிக்குத வெயிலுல ஐஸு மார்த்தாண்டம் எத்துததுக்கு முன்ன வெள்ளமாப் போவுது. முன்ன உச்சி வரைக்கும் தாங்கும். இப்பம் பத்து மணிக்கே மீனுக்கு கண்ணு கலங்குது. பாதிக் கூடைய நான் குழிதோண்டிப் பொதைக்கேன். நீ என்னன்னா வாழைக்குப் பெட்டி வாங்கப் போற!"

சொர்ணம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. சிரிப்புக்குச் சொன்ன ஒரு வார்த்தை தன் விளையை மட்டும் தொலைக்கவில்லை, இவளுடைய பெட்டியையும் தட்டிப் பறித்திருக்கிறது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. முத்துநாயகம் போனில் சொன்னதெல்லாம் மொத்தமாக ஞாபகம் வந்து குத்தியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஒனக்கு பெட்டி, எனக்கு வெளை" என்று கையைப் பிடித்தாள்.

கதையைக் கேட்டு ஞானசெல்விக்குப் பாதிக் கோபம் சிரிப்பாகக் கரைந்துவிட்டது. மீதிப் பாதியை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன். எனக்க அம்மை அந்தோணியாருக்கு நேந்து பெத்த பிள்ளை நான். மீன் வித்தவதான் மீன் விக்கத விட முடியும். நாளைக்குக் காலம்பற மார்த்தாண்டம் சந்தைக்கு வா. ஒரு கூடை வாளைய ஒனக்க கையால வில்லு. வித்து முடிச்சதும் எழுதித் தாறேன்."

"நான் எப்பிடிக்கா மீன் விக்க?"

"வாயி உண்டுல்லா? வில்லு."

ஆனி பிறக்க இனி அதிக நாள் இல்லை. அதனால் சொர்ணம்மாள் போனாள். ஞானசெல்வி சந்தையில் உட்காரும் இடம் மரியஜானின் கடைக்கு நேர் எதிரே. முக்காட்டை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டுதான் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் வந்த கிராக்கியிடம் வாய் தானாகவே பழக்கதோஷத்தில், "நல்ல வெளஞ்சதாக்கும். ரெண்டு நாளு வைக்கோல்ல வச்சா நிறம் வந்துரும்" என்றது. வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ஏட்டி, மீனப் பழுக்க வைக்கவா போற?" என்று ஞானசெல்வி தொடையில் கிள்ளினாள்.

கூடை குறையவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிச் சொர்ணம்மாளின் சேலையை நனைத்தது. அப்போது ஒரு நிழல் கூடைமேல் குனிந்தது.

"அக்கா, இந்த வாள எம்புட்டு?"

அந்தக் குரலைச் சொர்ணம்மாள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள். செல்வபாண்டி கையில் துணிப்பையோடு நின்றார்.

"சாரே, இதுக்குப் பேரு என்ன?"

"வாள."

பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய ஏத்தன் குலையைக் காட்டினாள். "அதுக்கு?"

"வாள."

"ரெண்டும் ஒண்ணா சாரே?"

செல்வபாண்டி மீனைப் பார்த்தார். குலையைப் பார்த்தார். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். உச்சந்தலையிலிருந்து வேர்க்க ஆரம்பித்தது. "ஆத்தி! அன்னைக்கு நீங்க கடல்லன்னு சொன்னது..."

"இந்த வாளைய. ஒங்களக் கேலி பண்ணதாக்கும். தப்பு எனக்கதுதான்."

"நான் வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன். அன்னைக்குச் சோறே எறங்கலம்மா எனக்கு." பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "உங்க தோட்டம் எது? யாரு நெலம்?"

சொன்னாள். செல்வபாண்டியின் முகம் இன்னும் கறுத்தது.

"அந்தத் தோட்டத்துக்குத்தான் ஏற்கெனவே எளுதியாச்சேம்மா. பட்டியல் ஒட்டுன பெறகு மரியஜான்னு ஒருத்தரு பட்டாவோட வந்தாரு. நானூறு. நேர்ல போய்ப் பாத்தும் முடிஞ்சிருச்சு. சாஞ்சு கெடந்த வாளைக்கு நடுவுல நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டாரு."

"எப்பம்?"

அவர் சொன்ன நாள், இவள் மீன் ஆபீஸில் ததேயுஸுக்கு எதிரே உட்கார்ந்து மூன்று வழிகளைக் கேட்டுக்கொண்டிருந்த நாள்.

"நிவாரணம் பட்டா யாரு பேருல இருக்கோ அவுகளுக்குத்தாம்மா. நீங்க சரியாச் சொல்லி நான் சரியா எளுதியிருந்தாலும் உங்களுக்கு வந்திருக்காது. சட்டம் அப்படி" என்றார் தரையைப் பார்த்தபடி.

சொர்ணம்மாள் தன் இரண்டு கையையும் பார்த்தாள். நட்டவள் அவள். தண்ணீர் சுமந்து ஊற்றினவள், பன்றி வராமல் காவல் கிடந்தவள், வரப்பில் உட்கார்ந்து அழுதவள் அவள். மண்ணில் இத்தனை செய்தும் அவள் யாரென்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. கடலில் காலைக்கூட நனைக்காதவளுக்குக் கூப்பிட்டுப் பெட்டி கொடுக்கிறார்கள். கடலுக்குப் பட்டா கிடையாது, அதுதான் வித்தியாசம்.

எதிரே மரியஜான் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நிற்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைக்கு மேலே வெள்ளைச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொர்ணம்மாளின் கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போனது. முக்காட்டை உருவி இடுப்பில் செருகினாள். இருப்பதிலேயே நீளமான வாளையைத் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வாளே! வாளே! மரியஜான் மொதலாளிக்க வெளையில வெளஞ்ச வாளே!"

சந்தை திரும்பிப் பார்த்தது.

"வெளையில வாளையா?" என்றார் தேங்காய் வியாபாரி.

"ஆமாண்ணே! நட்டது நானு! நனச்சது நானு! காத்துல சாஞ்சதும் அது மொதலாளிக்க வாளையாயிட்டு! பட்டா உண்டும்! போட்டோவும் உண்டும்! பத்து வெரலுல ஒரு வெரலுலகூட மண்ணு படாம வெளஞ்ச வாளே! வாங்குங்க, வாங்குங்க!"

கூட்டம் கூடிவிட்டது. கதையைக் கேட்க வந்தவர்களிடம் சும்மா சொல்ல முடியாது, மீன் வாங்கினால்தான் மீதிக் கதை என்றுவிட்டாள். ஒரு துண்டத்துக்கு ரேஷன் கடை மேஜை, ஒரு துண்டத்துக்கு மீன் ஆபீஸ், போட்டோ கதைக்கு முழு மீன். செல்வபாண்டியே இரண்டு வாங்கினார். கடைசி வாளை போனதும் ஞானசெல்வி இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள்.

"ஒன்ன இந்தத் தொழில்ல இருந்து விடவே எனக்கு மனசு வரல்லட்டி" என்று சொல்லிக்கொண்டே 'மீன் விற்பதை விட்டுவிட்டாள்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பெட்டி அவளுடையதாயிற்று.

மரியஜான் ரோட்டைக் கடந்து வந்தார். சிரிப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நடுச்சந்தையில என்னத்துக்குட்டி இந்தக் கூத்து?"

"வாளை வித்தேன் மொதலாளி. ஒங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்காமப் போயிட்டேன்."

"அந்தப் பணம் வந்ததும் ஒனக்குத் தரணும்னுதான் நான் நெனச்சிருந்தேன்" என்றார் தணிந்த குரலில்.

"எப்பம் நெனச்சிய? போட்டோவுக்கு முன்னயா, பெறவா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரியஜான் சுற்றிலும் பார்த்தார். நின்றவர்களில் பாதிப் பேருக்குச் சங்கத்தில் ஓட்டு இருந்தது. அவர் முகம் கணக்குப் போட்டது எல்லோருக்கும் தெரிந்தது.

"சரி, சரி. ரப்பரு வேண்டாம். வெளைய நீயே வச்சுக்க. கன்னும் உரமும் நான் வாங்கித் தாறேன், நாளைக்கே நடு. மொதல்ல நீ வாய மூடு."

"மூடுதேன் மொதலாளி" என்றாள் சொர்ணம்மாள். "எத்தன மூடு?"

முதலில் சிரித்தவர் தேங்காய் வியாபாரிதான். அப்புறம் சந்தை முழுக்கச் சிரித்தது. மரியஜான் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி கட்டினார்.

"நானூறு" என்றார் வாய்க்குள்.

"சத்தமாச் சொல்லுங்க. சாரு எழுதணும்."

செல்வபாண்டி மீன் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர் அல்லவா. மரியஜான் சந்தை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.